சித்தப்பாவின் வானத்தை அளந்த கதை

சித்தப்பா அந்த வீட்டில் இதுவரை நானூற்றுப் பதினேழு முறை செத்திருக்கிறார்.

ஆரம்பத்தில் "ஐயோ, சித்தப்பா செத்துட்டாரு!" என்ற அலறல் கேட்டதும் பக்கத்து வீட்டுத் தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே ஓடிவருவார். மூன்றாவது முறை மூச்சு வாங்க வந்து நின்று, "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். "கரடி" என்றாள் பெரியவள். அதற்கப்புறம் அவர் வருவதில்லை. சாவுச் செய்தி சுவர் தாண்டிக் கேட்டால் தையல் மெஷின் ஒரு நொடி நிற்கும், மறுபடி ஓடும். அவரால் முடிந்த மரியாதை அவ்வளவுதான்.

இந்தச் சித்தப்பா டி.வி.யோடு இணைத்த ஒரு பழைய விளையாட்டுப் பெட்டிக்குள் வாழ்பவர். டிராகன், கோட்டை, பனிமலை என்று சகல வசதிகளும் உள்ள ஒரு தேசத்தில் தோல் கவசம் மாட்டிக்கொண்டு திரிபவர். ஆறு வருடங்களுக்கு முன்னால் பெட்டியை முதன்முதலாக முடுக்கியபோது, "வீரனே, உன் பெயர் என்ன?" என்று அது கேட்டது. பதினாறு வயதுப் பெரியவள் ஒரு சக்கரவர்த்தியின் பெயரைச் சொன்னாள். பதின்மூன்று வயதுச் சின்னவன் ஒரு பாம்பின் பெயரைச் சொன்னான். ஒரு மணி நேரம் கட்டிப் புரண்ட பிறகு, இந்த வீட்டில் இல்லாத ஒருவரின் பெயரை வைப்பது என்று சமாதானம் ஆயிற்று. அவர்களுடைய அப்பா ஒற்றைப் பிள்ளை. மற்ற வீடுகளில் சித்தப்பா என்று ஒருவர் இருந்து பிள்ளைகளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதையும், அப்பா திட்டும்போது குறுக்கே வந்து நிற்பதையும் இரண்டு பேரும் பொறாமையோடு பார்த்து வளர்ந்தவர்கள். ஆக, சித்தப்பா.

இப்போது பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பாலங்களைத் தட்டிப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்லும் நிறுவனம். ரயிலில் ஒன்பது மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை வண்டி. புதன்கிழமை சாயங்காலம் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தவள், நெயில் கட்டரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

"சித்தப்பாவை நான் எடுத்துட்டுப் போறேன்."

சின்னவன் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். எழுந்து உட்கார்ந்தான். கல்லூரியில் சேர்ந்த இரண்டு வருடங்களில் அவன் இவ்வளவு வேகமாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"எந்த உரிமையில?"

"வளத்தது யாரு?"

"வளத்தது நீயா? நீ பேரம் பேசிக்கிட்டிருந்த. உயிரைக் குடுத்துச் சண்டை போட்டது நான்."

"உயிரைக் குடுத்ததுதான் தெரியுமே. நானூத்திப் பதினேழு தடவை குடுத்த."

இவர்கள் எதற்காக இப்படி முட்டிக்கொண்டார்கள் என்பது புரிய வேண்டுமானால் சித்தப்பாவின் வானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்த விளையாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் நடக்கிற காரியமெல்லாம் அப்படியே உறைந்துவிடும். ஓங்கிய கோடரி ஓங்கியபடியே நிற்க, பார்வை மட்டும் மெல்ல மேலே போகும். மேலே ராத்திரி வானம். அதில் பன்னிரண்டு நட்சத்திர மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலமும் ஒரு திறமை. சிங்கம் என்றால் வாள்வீச்சு. தராசு என்றால் பேரம். சாவி, பூட்டுத் திறக்கிற வித்தை. எருது, அடி தாங்கும் பலம். கழுதை, சுமை தூக்குவது. அதற்கும் வானத்தில் ஓர் இடம் கொடுத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. நாரை, நடை. நாரையில் ஒரு நட்சத்திரம் கூடினால் காலை இன்னும் எட்டி வைக்கலாம்.

செய்தால்தான் வளரும் என்பது அந்த வானத்தின் சட்டம். வாள் வீச வீசச் சிங்கம் ஒவ்வொரு நட்சத்திரமாகக் கண் திறக்கும். பேரம் பேசப் பேசத் தராசு தெளியும். வாள்வீச்சின் ஐந்து பயன்களை எண்ணிட்டு எழுதி யாரும் வீரனாகிவிட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே சின்னவன் படிக்கும் கல்லூரியில் இதைப் பாடத்திட்டத்துக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு மண்டலத்துக்கும் உச்சியில் ஒரு முடி நட்சத்திரம் உண்டு. அது மட்டும் உழைத்து வராது. மொத்த விளையாட்டிலும் மூன்றே மூன்று தானமாகக் கிடைக்கும். எந்த மண்டலத்தின் தலையில் ஏற்றுவது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். ஏற்றினால் ஏற்றியதுதான், இறக்க வழியில்லை.

முதலாவதைச் சின்னவன் எருதுக்கு ஏற்றினான். இரண்டாவதைப் பெரியவள் சாவிக்கு ஏற்றினாள். மூன்றாவது, இரண்டு வருடமாக வானத்தின் ஓரத்தில் சும்மா மினுக்கிக்கொண்டு கிடந்தது. சிங்கத்தின் முடியில் ஏற்றினால் டிராகன் ஒரே வெட்டில் விழும். தராசின் முடியில் ஏற்றினால் சித்தப்பா கேட்ட விலைக்கு எவனும் மறு பேச்சுப் பேசமாட்டான். ஒருவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் அதைத் தொடுவதில்லை என்று ஒரு நோட்டுத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். உலகத்தில் எத்தனையோ ஒப்பந்தங்கள் கிழிந்துபோன இந்த இரண்டு வருடத்தில் அது மட்டும் கிழியவில்லை.

"காப்பி பண்ணிக்க வேண்டியதுதானே?" என்றாள் அம்மா வாசல்படியில் நின்று. அம்மா தண்ணீர் வாரியத்தில் தொலைபேசிப் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரைச் சமாதானப்படுத்துபவளுக்கு இது ஒரு விஷயமே கிடையாது. "ஒண்ணை இவ எடுத்துக்கட்டும், ஒண்ணு இங்க இருக்கட்டும்."

பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"சித்தப்பாவை ஜெராக்ஸ் எடுக்கச் சொல்றியாம்மா?" என்றான் சின்னவன்.

"ரெண்டு சித்தப்பா இருந்தா எது நிஜ சித்தப்பா? இங்க ஒருத்தர் சாவாரு, அங்க ஒருத்தர் நடப்பாரு. நல்லாவா இருக்கும்?" என்றாள் பெரியவள்.

அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. அம்மா, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கடைசியில் விவகாரம் அப்பாவிடம் போயிற்று. அப்பா சர்வேயர். அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்ளும் நிலங்களின் நடுவே நின்று, இது உன்னுது, அது அவனுது என்று கோடு கிழித்து இரண்டு தரப்பிலும் சாபம் வாங்குவது அவருடைய முப்பது வருடத் தொழில். விடியற்காலையில் போய்ப் பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வெயிலுக்குப் பயந்து திரும்பிவிடுவார். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிரிச்சுக் குடுத்துடலாம். யாரு எந்த மண்டலத்தை வளத்தீங்களோ அது அவங்க பங்கு. யாருக்குப் பங்கு அதிகமோ அவங்க ஆளைக் கொண்டுபோகலாம். சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு."

"அதுவரைக்கும்?" என்றான் சின்னவன்.

"அதுவரைக்கும் இருக்கிற நிலை அப்படியே இருக்கணும். ரெண்டு பேரும் பொட்டியைத் தொடக் கூடாது."

ரெண்டு பேரும் என்று அவர் எண்ணிச் சொன்னதை யாரும் கவனிக்கவில்லை.

சின்னவன் வியாழனும் வெள்ளியும் கல்லூரியில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் மண்டலங்களைப் பங்கு போட்டுப் பார்த்தான். எப்படிப் போட்டாலும் ஆறுக்கு ஆறு வந்தது. கடைசிப் பெஞ்சின் மறுகோடியில் இருந்த நண்பன் எட்டிப்பார்த்து, "என்னடா, ஜாதகமா?" என்றான். "குடும்பச் சொத்து" என்றான் சின்னவன். நண்பன் மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தான்.

அவனுக்குச் சித்தப்பா எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் சிங்கம், எருது, டிராகன் என்று வரிசையாகச் சொல்லியிருப்பான். உண்மையான காரணம் அவ்வளவு வீரமானதல்ல. சித்தப்பா இங்கே இருந்தால் அவள் வந்துதான் ஆக வேண்டும். மாதம் ஒரு முறையோ, பேரம் பேசக் கை அரித்தாலோ வருவாள். சித்தப்பாவும் போய்விட்டால் சாயங்காலம் ஐந்து மணிக்கு டி.வி. முன்னால் போட்ட இரண்டு நாற்காலியில் ஒன்றை என்ன செய்வது? இதை நோட்டில் எழுத முடியாது. எழுதினால் அக்கா சாகும்வரை படித்துக்காட்டுவாள்.

சனிக்கிழமை காலை அப்பா குளித்து, தேய்த்த சட்டை போட்டு, காதில் பென்சில் செருகி, ஸ்கேலும் நீளத் தாளும் எடுத்துக்கொண்டு டி.வி.க்கு முன்னால் வந்து நின்றார். அம்மா சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். சின்னவன் பெட்டியை முடுக்கினான். வானம் விரிந்தது.

"முதல் தரப்பு யாரு?"

"நான்" என்றார்கள் இருவரும்.

"மூத்தவங்கதான் முதல் தரப்பு."

"பொறக்கும்போதே ஆரம்பிச்ச அநியாயம்" என்றான் சின்னவன்.

அப்பா காதில் வாங்கவில்லை. ஸ்கேலை டி.வி.யின் கண்ணாடியில் வைத்து அளந்தார். வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"சிங்கம் எனப்படும் மண்டலம். வடக்கே எருது, தெற்கே தொடுவானம், கிழக்கே தராசு, மேற்கே டி.வி.யின் சட்டம். மேற்படி நான்கு எல்லைக்குட்பட்ட நட்சத்திரம் பத்து. யாரு அனுபவத்துல இருக்கு?"

"என்னோட அனுபவம். ஆறு வருஷமா தினமும் சாயங்காலம் வெட்டியிருக்கேன்" என்றான் சின்னவன்.

"வெட்டுப்பட்டதைச் சொல்லு" என்றாள் பெரியவள். ஆனால் ஆட்சேபம் இல்லை என்று தலையாட்டினாள்.

தராசு பெரியவளுக்குப் போயிற்று. சாவியும், சத்தமில்லாமல் பதுங்கும் பூனையும் அவளுக்கு. எருதும் கோடரியும் அவனுக்கு. கழுதையில் கொஞ்சம் இழுபறி. கொள்ளையடித்ததைத் தூக்கியது தான் என்று அவனும், அதை விற்கத் தூக்கிப்போனது தான் என்று அவளும் நின்றார்கள். அப்பா ஏனோ அவசரமாக, "அதைப் பொதுவுல வைப்போம், பொதுவுல வைப்போம்" என்று தாண்டிப்போனார். ஒரு மணி நேரத்தில் ஐந்துக்கு ஐந்து ஆயிற்று. பாக்கி இருந்தது நாரை.

நாரை தலைமுதல் கால்வரை ஜொலித்துக்கொண்டிருந்தது. முடியைத் தவிர ஒரு நட்சத்திரம் மிச்சமில்லை. வானத்திலேயே அதிக வெளிச்சம் அதற்குத்தான்.

"இது அக்காவுது" என்றான் சின்னவன். உண்மையைச் சொல்ல அவனுக்கு வலித்தது, ஆனால் சொன்னான்.

"என்னுது இல்ல. உன்னோடதுதானே?" என்றாள் பெரியவள்.

"நான் எதுக்கு நடக்கணும்? எங்கிட்ட குதிரை இருக்கு."

"எங்கிட்டயும் அதே குதிரைதான் இருக்கு."

அப்பா இருமினார். "யாரும் கேக்கலைன்னா புறம்போக்குன்னு எழுதிட்டு மேல போகலாம்."

"இருங்கப்பா." பெரியவள் எழுந்து நின்றாள். பாலம் தட்டிப் பார்க்கிற நிறுவனம் அவளை ஏன் எடுத்தது என்று அப்போது தெரிந்தது. "நடந்தாத்தான் நாரை வளரும். குதிரைல போனா குதிரை நடந்ததாத்தான் ஆகும். நான் நடக்கல. இவன் நடக்கல. அப்ப நடந்தது யாரு?"

சின்னவனுக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. "அக்கா, பானை!"

பானை என்பது அந்த வீட்டின் பழைய புதிர். சித்தப்பாவின் தேசத்தில் வயல்வெளியிலும் மலைச்சரிவிலும் கேட்பாரற்று மண்பானைகள் நின்றுகொண்டிருக்கும். வரிசையாக, சம தூரத்தில். நான்கு வருடங்களாக அவை பெருகிக்கொண்டே வந்தன. விளையாட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து, "எங்கள் சித்தப்பா போகிற இடமெல்லாம் பானை முளைக்கிறது, என்ன செய்யலாம்?" என்று ஆட்டக்காரர்களின் இணையதளம் ஒன்றில் சின்னவன் கேட்டிருந்தான். ஒரே ஒரு பதில் வந்தது: வைத்தியரைப் பாருங்கள்.

"நட்சத்திரம் எங்கடா?" என்றாள் பெரியவள் திடீரென்று.

வானத்தின் ஓரத்தைப் பார்த்தார்கள். இரண்டு வருடமாக மினுக்கிக்கொண்டிருந்த தான நட்சத்திரம் அங்கே இல்லை. சிங்கத்தின் தலையைப் பார்த்தான் சின்னவன்; இருட்டு. தராசின் தலையும் இருட்டு. வானத்தை மெதுவாகச் சுழற்றினான்.

கழுதையின் இரண்டு காதுக்கும் நடுவில், முடி நட்சத்திரம் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

அம்மா அடுத்த நகத்துக்குப் போனாள்.

"நீதானே?" "நீதான்டா!" என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, ஆறு வருடம் ஒரே சித்தப்பாவை வளர்த்ததில் வந்த பழக்கத்தால், ஒரே சமயத்தில் இருவரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். அப்பா ஸ்கேலில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்கேலில் தூசி இல்லை.

"அப்பா."

"என்ன கேட்டுச்சுன்னு எனக்குச் சரியா விளங்கல" என்றார் அப்பா. "வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பொத்தான் கை தவறிப்பட்டுச்சு. மேல வானம் வந்துச்சு. கழுதை மேல நின்னுச்சு. 'ஏற்றவா?'ன்னு கேட்டுச்சு. சரின்னேன். இருபத்தஞ்சு பானைதான் தூக்க முடிஞ்சிட்டிருந்தது. இப்ப அறுபது வரைக்கும் தாங்குது."

"ரெண்டு வருஷம்பா!" என்று அலறினான் சின்னவன். "ரெண்டு வருஷம் கையெழுத்துப் போட்டுக் காப்பாத்தி வெச்சிருந்தோம்!"

"டிராகனை ஒரே வெட்டுல வெட்டியிருக்கலாம்!" என்றாள் பெரியவள். சிங்கத்துக்காக அவள் பரிந்து பேசியது இதுவே முதல் தடவை.

"தராசுல ஏத்தியிருந்தா மொத்தச் சந்தையையும் வாங்கியிருக்கலாம்!" என்றான் சின்னவன். அவனும் அப்படித்தான்.

"அம்மா, உனக்குத் தெரியுமா?"

அம்மா கடைசி விரலுக்கு வந்திருந்தாள். "தெரியும். நாலு வருஷமா."

"சொல்லவே இல்ல?"

"பானையைப் பத்தி நீங்க புகார் குடுத்தீங்களா?"

"இல்ல…"

"புகார் இல்லாம நான் எப்படி நடவடிக்கை எடுக்கறது?"

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவளின் நாற்காலியில். அவர் அதில் உட்கார்ந்த தோரணையைப் பார்த்தபோதுதான் சின்னவனுக்கு அந்த நாற்காலியின் கைப்பிடி ஏன் அவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்று புரிந்தது.

"ஒரு நாள் மத்தியானம் பொட்டி அணைக்காம கெடந்துச்சு. பாத்தேன். ஒருத்தன் வேலி போட்டிருக்கான், பாதையில ரெண்டு அடி உள்ள தள்ளி. சும்மா விட மனசு வரல. இவனை நடக்க விட்டு அளந்து பாத்தா, ரெண்டு இல்ல, ரெண்டரை."

"அது விளையாட்டுப்பா. அந்த வேலியைப் போட்டது கம்ப்யூட்டர்."

"யாரு போட்டாலும் ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான்." அப்பா கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் விட முடியல. வெளியில நான் அளக்கப் போனா ஒருத்தன் கல்லை எடுப்பான், ஒருத்தன் நாயை அவுத்து விடுவான். அங்க யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. நூறு எட்டு நடந்து ஒரு பானைன்னு வெச்சுக்கிட்டே போகலாம். ஒரு தடவை டிராகன் வந்துச்சு. ஓரமா நின்னேன். போயிடுச்சு."

நானூற்றுப் பதினேழு முறை செத்தவன் இதைக் கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஓரமாக நிற்கலாம் என்று அவனுக்கு ஆறு வருடத்தில் தோன்றவே இல்லை.

"கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாமில்லப்பா?" என்றாள் பெரியவள். குரலில் பாதிக் கோபம்தான் மிச்சமிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆளைக் கொண்டுபோயிடுவீங்க. வடக்குப் பக்கம் இன்னும் முடியல. அதான் அவசரம்." அவர் தாளில் எழுதியிருந்த நான்கு எல்லைகளைப் பார்த்தார். "அவனும் நானுமா நாலு வருஷம் நடந்திருக்கோம்."

"எவன்?"

"உங்களுக்குச் சித்தப்பான்னா எனக்கு யாரு?"

அந்தப் பெயரை வைத்தபோது தங்களுக்கு ஒரு சித்தப்பா கிடைத்ததாக மட்டும் நினைத்துக்கொண்டார்கள். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து ஐம்பது வருடம் ஓட்டியவருக்குத் தம்பி கிடைத்த விஷயம் பிள்ளைகளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அப்பா எழுந்துபோய் அலமாரியின் மேலிருந்து ஒரு நீளக் குழாயை எடுத்துவந்தார். உள்ளே சுருட்டிய தாள்கள். தரையில் விரித்தார். பத்தொன்பது தாள்கள். வடக்கு ஓரம் தவிரச் சித்தப்பாவின் தேசம் முழுக்க, ஆபீசில் நிலத்துக்கு வரைவதுபோலவே, எல்லைக்கோடு, ஓடை, பாதை, வடக்குக் குறி எல்லாம் போட்டு, மை சிந்தாமல் வரைந்திருந்தார். விளையாட்டில் பெயரில்லாத இடங்களுக்கு அவராகவே பெயர் எழுதியிருந்தார். ஆபீஸ் கையெழுத்தில்.

சின்னவன் மண்டியிட்டுப் படித்தான். 'சின்னவன் விழுந்த பள்ளம்.' அடுத்த தாளில், 'சின்னவன் மறுபடி விழுந்த பள்ளம்.' மேற்கே ஒரு குன்றின் மேல், 'பெரியவள் உட்காரும் பாறை.'

ஆமாம், அங்கே ஒரு பாறை உண்டு. ஒவ்வொரு நாளும் ஆட்டத்தை முடிக்கிறதற்கு முன்னால் பெரியவள் சித்தப்பாவை அதன் மேல் ஏற்றிச் சூரியன் மறைகிறதைப் பார்க்கவைப்பாள். பின்னால் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பர் படிக்கவில்லை என்று இப்போது தெரிந்தது.

அப்பா பாகப்பிரிவினைத் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். "இது செல்லாது. பிரிச்சுக் குடுக்க வந்தவனே ஆக்கிரமிப்பாளனா இருந்தா எங்கயும் செல்லாது. நீங்களே பேசி முடிச்சுக்கங்க."

பெரியவள் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வடக்கு எவ்வளவு பாக்கிப்பா?"

"மூணு தாள்."

"அப்ப சித்தப்பா இங்கயே இருக்கட்டும்."

சின்னவன் ஜெயித்துவிட்டான். இந்தக் கணத்துக்காகப் புதன்கிழமையிலிருந்து ஒரு ஆட்டம் யோசித்து வைத்திருந்தான். சோபா மேல் ஏறி ஆடுவதாக உத்தேசம். கால் எழவில்லை.

"வேணாம். நீயே கூட்டிட்டுப் போ" என்றான்.

"ஏன்டா?"

"அங்க உனக்கு யாரையும் தெரியாது."

சொல்லிவிட்டு உடனே நாரையைப் பார்த்துக்கொண்டான். அம்மா நகவெட்டியை மூடிவைத்தாள்.

"சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போனா அப்புறம் நான் யாரைத் தெரிஞ்சுக்கப் போறேன்? கதவைச் சாத்திட்டு இவரோடயே உக்காந்திருப்பேன்" என்றாள் பெரியவள். பிறகு இத்தனை அன்பு தாங்காது என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். "அதுவுமில்லாம, சித்தப்பா இல்லைன்னா நீ பொழுது போகாம படிச்சு, பாஸ் பண்ணித் தொலைச்சிடுவ. அந்தப் பழி எனக்கு வேணாம்."

"போடி."

"அப்பா, தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கலாமா?"

"தாளை எடுக்கலாம்" என்றார் அப்பா. "ஆளைத்தான் எடுக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை வண்டி பதினோரு நிமிடம் தாமதமாக வந்து அதே தாமதத்தோடு போயிற்று. அவள் பெட்டியில் புடவைகளைவிட ஜெராக்ஸ் சுருள் அதிக இடம் பிடித்தது. சின்னவன் பெட்டியை மேலே ஏற்றிவைத்து, ஜன்னலோரத்தில் நின்று, கடைசி நிமிடத்தில் சொல்வதற்கென்று வைத்திருந்த வசனத்தை மறந்து, "சார்ஜர் எடுத்தியா?" என்று கேட்டான். எடுத்திருந்தாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம், சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தது. சின்னவன் வெட்டுவான். அப்பா, "அவனை விடு, பாவம், அந்த ஓடைப்பக்கம் திரும்பு" என்பார். வடக்கில் இரண்டு தாள் முடிந்தது. சித்தப்பா அந்த மூன்று வாரத்தில் ஒரே ஒரு முறைதான் செத்தார்; அதுவும் அப்பா தண்ணீரின் ஆழத்தை அளக்க ஆசைப்பட்டதால்.

நாலாவது சனிக்கிழமை பகலில் போன் வந்தது. பெரியவள். ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, உங்க பதினேழாவது தாள் தப்பு."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருடத்தில் அவரை அடித்திருக்கிறார்கள், விரட்டியிருக்கிறார்கள். தாள் தப்பு என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

"என்ன தப்பு?"

"மரப்பாலம். நீங்க நாப்பது எட்டுல கடக்கலாம்னு போட்டிருக்கீங்க. நான் நடந்து பாத்தேன், அம்பத்திரண்டு வருது. மூணு தடவை நடந்துட்டேன்."

"நீ எப்படி நடந்த?" என்றான் சின்னவன். "சித்தப்பா இங்கதானே இருக்காரு?"

"கூட வேலை செய்யறவங்க கிட்ட ஒரு பழைய பொட்டி இருந்துச்சு. வாங்கிட்டேன். போன வாரம் புதுசா ஒரு ஆளை ஆரம்பிச்சிருக்கேன். வானம் முழுக்க இருட்டு. ஒரு நட்சத்திரம் இல்ல."

"நாப்பதுதான்" என்றார் அப்பா பிடிவாதமாக. சின்னவன் பெட்டியை முடுக்க, அப்பா சித்தப்பாவைப் பாலத்தின் மேல் நடத்தினார். வாய்விட்டு எண்ணினார். நாற்பது. போனில் பெரியவளும் நடந்தாள். ஐம்பத்திரண்டு. அதே பாலம்.

சின்னவனுக்குத்தான் முதலில் பிடிபட்டது. பொத்தானை அழுத்தி வானத்தைத் திறந்தான். நாரை தகதகவென்று நின்றது.

"அப்பா, நாரை வளர வளர ஒவ்வொரு எட்டும் நீளும். நாலு வருஷம் நீங்க நடந்து நடந்து சித்தப்பாவோட கால் எட்டிப் போட ஆரம்பிச்சிடுச்சு. முதல் தாள்ல நூறு எட்டுன்னா ஒரு தூரம். பதினேழாவது தாள்ல நூறு எட்டுன்னா வேற தூரம்."

அளவுகோலே அளக்க அளக்க வளர்ந்திருக்கிறது. அப்பா இருபத்தோரு தாள்களையும் பார்த்தார். ஒன்றுக்கொன்று பொருந்தாத இருபத்தோரு தாள்கள். சின்னவன் பயந்துபோனான்.

"அப்பா? விடுங்கப்பா, ஒண்ணும் ஆகல" என்றாள் பெரியவள்.

"ஒண்ணும் ஆகலையா? எல்லாம் முதல்லேர்ந்து அளக்கணும்." அப்பா பென்சிலைக் காதில் செருகினார். சொந்த வேலை நாசமான மனிதர் இவ்வளவு மலர்ந்த முகத்தோடு இருந்ததைச் சின்னவன் பார்த்ததில்லை. "உன் ஆளு கால் இன்னும் வளரல இல்ல? தெற்கேருந்து நீ ஒரு தடவை நடந்து சொல்லு, நான் இவனை நடத்தறேன். ரெண்டுக்கும் வித்தியாசம் போட்டா எவ்வளவு நீண்டிருக்குன்னு புடிச்சிடலாம். தினமும் அஞ்சு மணிக்கு போன் பண்ணு."

"தினமுமா?"

"அளவை வேலைன்னா தினமும்தான்."

சின்னவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனைக் கிட்டத்தில் எடுத்தான். "உன் ஆளு பேரு என்னக்கா? சக்கரவர்த்தியா?"

"அத்தை."

அப்பா பென்சிலைத் தேட ஆரம்பித்தார். பென்சில் காதில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி கழற்றினார். "தங்கச்சியா?" என்றார் யாரிடமோ. பிறகு தொண்டையைச் செருமி, போனைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னார். "அவளைத் தனியா விடாதே. அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட கரடி உண்டு."

"எங்கப்பா? … ஐயையோ, இங்கதான்! டேய், வாள் எப்படிடா எடுக்கறது? எந்தப் பொத்தான்டா?"

"வலது பக்கம்! வலது! அது குனியறதுக்கு! இல்ல, ஓரமா நில்லு, ஓரமா நின்னாப் போதும்!"

"போச்சு! ஐயோ, அத்தை செத்துட்டாங்க!"

பக்கத்து வீட்டில் தையல் மெஷின் நின்றது. ஒரு நொடி ஆயிற்று. இரண்டு, மூன்று. மறுபடி ஓடவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு, ஆறு வருடத்துக்கு முன்னால் வந்த அதே வேகத்தில் ஓடிவந்து மூச்சு வாங்க நின்றார்.

"எந்த அத்தைம்மா?" என்றார் பதறிப்போய். "சொல்லவே இல்லையே?"

"போன வாரம்தான் பொறந்தாங்க" என்றாள் சோபாவிலிருந்த அம்மா. "உக்காருங்க, மறுபடி எழுந்துருவாங்க."